பயிற்சியிலே பலி! பழியோ விமானி மேல்!

போர்முனையில் விழுந்துபட்ட வீரனுக்கு மலர்வளையம் வைக்கிறார்கள். பயிற்சிப் பறப்பில் விழுந்துபட்டவனுக்கும் வைக்கிறார்கள். இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் முன்னவன் எப்படி மாண்டான் என்பது நாட்டுக்குத் தெரியும். பின்னவன் ஏன் மாண்டான் என்று கேட்டால், "விசாரணை நடைபெறுகிறது" என்ற ஒற்றை வரியோடு வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்த விசாரணை எப்போது முடிந்தது? என்ன கண்டது? யாரைத் திருத்தியது? பெரும்பாலும் ஒன்றும் வெளியே வருவதில்லை. வருகிறபோது இரண்டே சொற்களாக வந்து சேருகிறது: "மனிதப் பிழை".

இந்த இரண்டு சொற்களின் பொருளைத் தொழிலாளத் தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஆலையிலே பல்சக்கரத்தில் விரலைப் பறிகொடுத்தவனின் தாளில் என்ன எழுதுகிறார்கள்? "கவனக்குறைவு" என்று எழுதுகிறார்கள். சக்கரத்துக்கு மூடி போடாதது யார் குறைவு? இரட்டை ஷிப்டு பார்த்துக் கண் சொருகியவனை மூன்றாவது எந்திரத்துக்கும் அனுப்பியது யார் குறைவு? எண்ணெய் போடச் சொல்லி மேஸ்திரி மூன்று முறை எழுதிக் கொடுத்த சீட்டை மேசை டிராயரில் போட்டுப் பூட்டியது யார் குறைவு? இத்தனை குறைவுகளும் அந்த ஒரு சொல்லின் முதுகுக்குப் பின்னே போய் ஒளிந்துகொள்கின்றன. ஆலையிலே கவனக்குறைவு, ஆகாயத்திலே மனிதப் பிழை. பெயர்தான் வேறு!

இன்று நாம் எழுத எடுத்துக்கொண்டது ஹெலிகாப்டர் விமானிகளின் அவசரத் தரையிறக்கப் பயிற்சி. ஆபத்திலிருந்து தப்பிக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியே ஆபத்தாக முடிகிற கொடுமை, உலகத்தில் ஹெலிகாப்டர் பறக்கும் எல்லா நாடுகளிலும் நடந்திருக்கிறது. "ஆகாயத்தில் பறப்பவன் பாடு நமக்கெதற்கு?" என்று நம் தோழர்களில் சிலர் கேட்கக்கூடும். பறப்பவன் யார் வீட்டுப் பிள்ளை? சீமான் வீட்டுச் செல்வப் பிள்ளைகள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு வெயிலிலே வரிசையில் நிற்பதாக நாம் கேள்விப்பட்டதில்லை. பறப்பவன் மட்டுமா பலியாகிறான்? 2023 மே 4-ஆம் நாள் காஷ்மீரத்துக் கிஷ்த்வார் மலையில் ராணுவத்தின் துருவ் ஹெலிகாப்டர் விழுந்தபோது இரு விமானிகளும் காயத்தோடு பிழைத்தனர்; உயிரை விட்டவர் உடன் சென்ற டெக்னீஷியன். அதே ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் கொச்சியில் கடற்படையின் சேத்தக் ஹெலிகாப்டர் தரையிலே சோதனை ஓட்டத்தில் இருந்தபோது நேர்ந்த விபத்தில் இறந்தவர் தரைப்பணியில் இருந்த மாலுமி. ஸ்பானர் பிடித்த கைகள் அவை. நம் கைகளைப் போன்ற கைகள்.

இஞ்சின் நின்றால் ஹெலிகாப்டர் கல்லைப்போல் விழும் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியன்று. நம் ஊர்ச் சிறுவர்கள் பனையோலையை மடித்து, கருவேல முள்ளிலே குத்தி, காற்றாடி செய்துகொண்டு தெருவிலே ஓடுகிறார்களே, அந்தக் காற்றாடியை எந்த இஞ்சின் சுழற்றுகிறது? ஓடுகிற ஓட்டத்தில் எதிர்ப்படும் காற்றுதான் சுழற்றுகிறது. ஹெலிகாப்டரும் அதேதான். இஞ்சின் ஓடும்போது தலைக்கு மேலுள்ள விசிறி காற்றைக் கீழே தள்ளுகிறது. இஞ்சின் நின்று எந்திரம் இறங்கத் தொடங்கினாலோ, காற்று கீழிருந்து மேலே விசிறியின் ஊடே பாய்கிறது. விசிறி இலைகளின் சாய்வை விமானி அக்கணமே குறைத்துவிட்டால், பாய்கிற அந்தக் காற்றே விசிறியைச் சுழற்றிக்கொண்டிருக்கும். ஆட்டோரொட்டேஷன் என்று இதற்குப் பெயர். தானே சுழல்தல் என்று நாம் சொல்லலாம்.

அக்கணமே என்றோம். எவ்வளவு நேரம் அது? பயிற்சிப் பள்ளிகளில் உலகெங்கும் புழங்குகிற ராபின்சன் ஆர்-22 என்ற சின்னஞ்சிறு ஹெலிகாப்டரில் அந்த அவகாசம் ஏறத்தாழ ஒரு நொடி. கண்ணிமைத்து, "என்ன ஆயிற்று?" என்று மனத்துக்குள் கேட்டு முடிப்பதற்குள் அவகாசம் போய்விடும். விசிறியின் வேகம் ஓர் அளவுக்குக் கீழே விழுந்துவிட்டால் பிறகு எந்த வித்தையாலும் மீட்க முடியாது. அப்போதுதான் அது உண்மையிலேயே கல்.

அந்த ஒரு நொடியில் இடக்கைப் பக்கம் உள்ள நெம்புகோலை இறக்க வேண்டும். பிறகு முன்னோக்கிய வேகத்தைக் காப்பாற்ற வேண்டும். வயலா, திடலா, சாலையா என்று இறங்க இடம் பார்க்க வேண்டும். ஆயிரம் அடி உயரத்திலிருந்து தரைக்கு வர ஒரு நிமிடம்கூட ஆகாது. தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கினால் வேகம் அடங்கும். கடைசியில், விசிறியின் சுழற்சியிலே மிச்சமிருக்கிற வலுவை ஒரே தடவையில் செலவழித்து, நெம்புகோலை உயர்த்தி, மெல்லத் தரையைத் தொட வேண்டும். இந்த மிச்ச வலு இருக்கிறதே, அது கூலிக்காரன் மடியில் முடிந்து வைத்த கடைசி ரூபாய். முன்கூட்டியே செலவழித்துவிட்டால் தரைக்கு மேலே அந்தரத்தில் தவிக்க நேரும். காலம் தாழ்த்தினாலோ மோதியபின் அது மடியில் இருந்தும் பயனில்லை. இரண்டாவது ரூபாய் கிடையாது.

இந்த வித்தைக்கு வழிகாட்டியவர் ஸ்பெயின் நாட்டு ஹுவான் டெ லா சியெர்வா. 1919-இல் அவர் வடித்த மூன்று இஞ்சின் விமானம் தாழ்வான உயரத்தில் வேகம் குறைந்து நிலைகுலைந்து நொறுங்கியது. வேகம் குறைந்தாலும் விழாத எந்திரம் வேண்டும் என்று அப்போதிருந்து மண்டையைக் குடைந்துகொண்டார். 1923 ஜனவரியில் மாட்ரிட்டை அடுத்த கெட்டாஃபேயில் அவருடைய ஆட்டோஜைரோ பறந்தது. காற்றே விசிறியைச் சுழற்றும் எந்திரம். அப்படிப்பட்டவர் 1936 டிசம்பர் 9-ஆம் நாள், லண்டனை அடுத்த குராய்டனிலிருந்து மூடுபனியிலே கிளம்பிய ஒரு பயணி விமானம் நொறுங்கியபோது, பயணிகளில் ஒருவராக மாண்டார். இதைத் தலையெழுத்து என்று சோதிடன் சொல்லுவான். மூடுபனியிலே விமானத்தைக் கிளப்பியவர்களை விட்டுவிட்டுத் தலையெழுத்தைப் பிடித்துக்கொள்வது சோதிடனுக்கு வசதி. நமக்கு அது வேண்டாம்.

இன்னொரு நிகழ்ச்சி. பிரெஞ்சு விமானி ழான் பூலே 1972 ஜூன் 21-ஆம் நாள் லாமா என்ற ஹெலிகாப்டரை 12,442 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனார். எவரெஸ்டு சிகரத்துக்கு மேலே இன்னும் மூன்றரைக் கிலோமீட்டர்! உச்சியிலே விசையைக் குறைத்தபோது கடுங்குளிரில் இஞ்சின் அணைந்தது. மறுபடி மூட்ட வழியில்லை. அவ்வளவு உயரத்திலிருந்தும் தானே சுழலும் விசிறியை நம்பியே தரைவரை இறங்கி வந்து நின்றார். அந்த லாமா நமக்கு அந்நியமன்று. நம் படைகளின் மலைத்தேவைக்காக உருவாக்கப்பட்டது அது. பெங்களூர் எச்.ஏ.எல். தொழிற்சாலையில் நம் தொழிலாளர் கையால் சீட்டா என்ற பெயரில் பிறந்தது. ஆக, வித்தை பொய்யன்று. கற்றவன் கையில் அது உயிர் காக்கும்.

கற்பது எப்படி என்பதில்தான் சிக்கல்!

இஞ்சின் உண்மையிலே நிற்கும்வரை காத்திருந்து கற்றுக்கொள்ள முடியாது. ஆகவே பறந்துகொண்டிருக்கும்போதே பயிற்றுநர் விசையைக் குறைக்கிறார், "இஞ்சின் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள், இறக்கு" என்கிறார். மாணவன் இறக்குகிறான். தரைக்குச் சில அடி மேலே வந்ததும் மறுபடி விசையைக் கூட்டி எழும்புவது ஒரு முறை. விசையைக் கூட்டாமலே தரையைத் தொட்டு நிற்பது மற்றொரு முறை. இரண்டிலும் ஆபத்து உண்டு. விசை திரும்பி வரச் சற்றே தாமதமாகலாம். மாணவன் மூக்கை முந்தித் தூக்கலாம், பிந்தித் தூக்கலாம். சித்திரை வெயிலில் காற்று இளைத்திருக்கும்போது, காலைக் குளிர்ச்சியில் கற்ற கணக்கு மாலையில் பிசகலாம். இத்தனைக்கும் நடுவே பயிற்றுநர் இன்னொரு தராசையும் தூக்கிப் பிடித்திருக்கிறார். மாணவன் தவறு செய்ய விடாவிட்டால் அவன் கற்கமாட்டான். விட்டுவிட்டுச் சரியான தருணத்தில் பிடியைக் கையில் வாங்காவிட்டால் இருவரும் மிஞ்சமாட்டார்கள். காரோட்டப் பழக்கும் பள்ளி வண்டியில் பயிற்றுநர் காலடியில் தனியே ஒரு பிரேக் இருக்கும். ஆகாயத்தில் பிரேக் ஏது?

இது கண்ணுக்குத் தெரியாத சங்கதியன்று. அமெரிக்க ராணுவம் 1980-களில் கணக்குப் போட்டுப் பார்த்தது. உண்மையாக இஞ்சின் நின்று நொறுங்கிய ஹெலிகாப்டர்களைவிட, "நின்றதாக வைத்துக்கொண்டு" தரையைத் தொட்டுப் பழகியபோது நொறுங்கியவை அதிகம் என்று கண்டது. நோயைவிட மருந்தால் மாண்டவர் அதிகம் என்றால் என்ன செய்வார்கள்? படைப்பிரிவுகளில் தரையைத் தொட்டு முடிக்கும் பயிற்சியை நிறுத்தினார்கள். 2013-இல் அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம் இந்த ஒரு பயிற்சிக்கென்றே தனிச் சுற்றறிக்கை விட்டு, எந்தெந்த இடத்தில் பிசகுகிறது, எப்போது முயற்சியைக் கைவிட்டு விசையைக் கூட்டி எழும்ப வேண்டும் என்று பயிற்றுநர்களுக்கு விளக்கியது.

"அப்படியானால் பயிற்சியையே நிறுத்திவிடலாமே, செலவும் மிச்சம், உயிரும் மிச்சம்" என்று சிக்கனச் சிங்கங்கள் கர்ஜிக்கக்கூடும். அவர்களுக்கு மோஸ்பியை நினைவூட்டுகிறோம்.

2011 ஆகஸ்டு 26-ஆம் நாள். அமெரிக்காவின் மிசௌரி மாநிலம். நோயாளி ஒருவரை ஏற்றிக்கொண்டு பறந்த ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் எரிபொருள் தீர்ந்து மோஸ்பி என்ற ஊர் விமானத் திடலுக்கு ஏறத்தாழ ஒரு மைல் தூரத்தில் விழுந்தது. விமானி, நர்சு, மருத்துவ உதவியாளர், நோயாளி ஆகிய நால்வரும் மாண்டனர். எரிபொருள் குறைவு என்று தெரிந்தும் புறப்பட்டது விமானியின் குற்றம். பணி நேரத்திலே அவர் கைத்தொலைபேசியில் சொந்தச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார் என்பதும் வெளிவந்தது. "மனிதப் பிழை" என்று முத்திரை குத்திக் கோப்பைக் கட்டிவைக்க இதைவிட வசதியான வழக்கு கிடைக்குமா? நம் ஊராக இருந்தால் அன்றே கட்டியிருப்பார்கள்! ஆனால் அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அதோடு நிற்கவில்லை. இஞ்சின் நின்ற பிறகும் தானே சுழலும் விசிறியால் அவர் ஏன் இறங்கவில்லை என்று கேட்டது. மெதுவாகப் பறக்கும்போது இஞ்சின் நின்றதாக வைத்துக்கொண்டு அவருக்குப் பழக்கியிருந்தார்கள். பயண வேகத்தில் பறக்கும்போது நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று பழக்கவில்லை. பயண வேகத்தில் நெம்புகோலை இறக்கும்போதே முழங்கால்களுக்கிடையே நிற்கும் பிடியையும் பின்னுக்கு இழுத்தாக வேண்டும். இல்லையேல் விசிறி நின்றுவிடும். 2013-இல் வாரியம் இதையெல்லாம் அச்சிட்டு வெளியிட்டது. நாம் இன்று அதைப் பற்றி எழுத முடிகிறது.

தோழர்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். விமானியின் குற்றத்தை அந்த வாரியம் மறைக்கவில்லை. அதையும் சொல்லிற்று, அவரைப் பழக்கிய முறையின் குற்றத்தையும் சொல்லிற்று. சாதாரண நாளில், சாதாரண வேகத்தில், முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்கிற பயிற்சி தேர்வுத் தாளை முன்னமே காட்டிவிட்டு நடத்துகிற தேர்வு போன்றது. மாணவன் தேறிவிடுவான். வாழ்க்கை வைக்கிற தேர்வில் தோற்றுவிடுவான்.

இன்னும் ஒன்று. 1992 ஜூன் 29-ஆம் நாள் கலிபோர்னியாவின் ரிச்மண்டில் ஓர் ஆர்-22 பயிற்சிப் பறப்பின்போது ஆகாயத்திலேயே சிதைந்து விழுந்தது. பயிற்றுநரும் மாணவரும் மாண்டனர். பாடத்தை வீட்டுக்குப் போய் மறுபடி கேட்டுப் படிக்கவோ என்னவோ, அந்த மாணவர் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியை உடன் வைத்திருந்தார். அது தப்பியது. அமைதியாகப் பாடம் நடந்துகொண்டிருந்ததும், நொடிப்பொழுதில் எல்லாம் முடிந்ததும் அதிலே பதிந்திருந்தன. அதுவரை இப்படி விழுந்தவற்றுக்கெல்லாம் "ஓட்டியவன் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்க முடிந்தது. அந்த ஒலிநாடாவைக் கேட்டபின் அப்படிச் சொல்லிவிட்டுத் தூங்க முடியவில்லை. தனி ஆய்வு தொடங்கிற்று. 1995-இல் ராபின்சன் ஹெலிகாப்டர்களுக்கென்றே தனி விதி வந்தது. விசிறி வேகம் குறைவதை உடனே உணர்வது, தானே சுழலும் இறக்கத்தை மேலும் பழகுவது என்று மாணவனுக்கும் பயிற்றுநருக்கும் சிறப்புப் பயிற்சி கட்டாயமாயிற்று. 1996-இல் ஆய்வறிக்கையும் வெளிவந்தது. மாணவர் ஒருவரின் படிப்பார்வம், அவர் போன பிறகு, ஊர் பேர் தெரியாத ஆயிரக்கணக்கான மாணவர்களுக்குப் பாடமாயிற்று. மூடி முத்திரையிட்ட உறைக்குள் அந்த நாடாவைப் போட்டிருந்தால்?

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

2021 டிசம்பர் 8-ஆம் நாள் நம் நீலகிரியில், குன்னூரை அடுத்து, முப்படைத் தலைமைத் தளபதி சென்ற எம்.ஐ.-17 விழுந்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அது பயிற்சிப் பறப்பன்று. இருப்பினும் இங்கே சொல்லக் காரணம் உண்டு. நஞ்சப்பசத்திரத்து ஏழை மக்கள் கையில் அகப்பட்ட போர்வையையும் குடத்து நீரையும் எடுத்துக்கொண்டு எரிகிற எந்திரத்தை நோக்கி ஓடினார்கள். பதினான்கு உயிர்கள் போயின. 2022 ஜனவரியில், மேகத்துக்குள் நுழைந்ததால் விமானிக்குத் திசையுணர்வு மயங்கியது என்று சுருக்கமாக ஓர் அறிவிப்பு வந்தது. பிறகு 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட பாதுகாப்புத் துறை நிலைக்குழு அறிக்கையில், 2017 முதல் 2022 வரையிலான ஐந்தாண்டுகளில் விமானப்படையில் நேர்ந்த 34 விபத்துகளின் பட்டியல் வந்தது. அதிலே இந்த விபத்துக்கு நேரே எழுதியிருந்த காரணம்: மனிதப் பிழை, விமானக் குழுவினர். போர்வையோடு ஓடிய மக்களுக்கு மூன்றாண்டு கழித்துக் கிடைத்த பதில் அவ்வளவுதான்.

பயிற்சிப் பறப்பு விபத்து வேண்டுமா? 2025 ஜனவரி 5-ஆம் நாள் குஜராத்தின் போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் ஹெலிகாப்டர், வழக்கமான பயிற்சிப் பறப்பின்போது விமானத் தளத்திலேயே விழுந்து எரிந்தது. மூவர் மாண்டனர். நான்கு மாதங்களுக்கு முன்னர்தான், 2024 செப்டம்பர் 2-ஆம் நாள் இரவு, அதே போர்பந்தருக்கு அப்பால் கடலிலே மற்றொரு துருவ் ஒருவரைக் காப்பாற்றப் போய் மூவரைப் பலிகொடுத்திருந்தது. ஜனவரி விபத்துக்குப் பிறகு ஏறத்தாழ 330 துருவ் ஹெலிகாப்டர்களும் பறக்காமல் நிறுத்தப்பட்டன. விசிறி இலைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் ஸ்வாஷ் பிளேட் என்ற உறுப்பு முறிந்தது தெரியவந்தது.

அந்த உறுப்பு முறிந்தால் விமானி என்ன செய்வான்? நாம் மேலே சொன்ன வித்தை இஞ்சின் நின்றால்தான் உதவும். கட்டளை கொண்டுபோகும் உறுப்பே முறிந்தால், பிடியை இழுத்தாலும் தள்ளினாலும் விசிறி கேட்காது. பூலேயே வந்து உட்கார்ந்தாலும் அதே கதிதான். எவ்வளவு பழகினாலும் பழகியவன் கையிலே நல்ல எந்திரத்தைக் கொடுத்தாக வேண்டும். 2023 மார்ச் 26-ஆம் நாள் கொச்சியில், மற்றொரு துருவ் முப்பது நாற்பது அடி எழும்பியதும் பிடி கேட்கவில்லை. அந்த நிலையிலும் விமானி ஓடுபாதையை விட்டு எந்திரத்தை ஒதுக்கி இறக்கினார். மூவரும் பிழைத்தனர். அந்த அரைநிமிடச் சாமர்த்தியம் எத்தனை நாள் பயிற்சியில் விளைந்தது என்பதைப் பணக் கணக்கு எழுதுகிறவர்கள் கொஞ்சம் எண்ணிப்பார்க்கட்டும்.

ஹைதராபாத்தை அடுத்த ஹாக்கிம்பேட்டையில் விமானப்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. நம் அரக்கோணத்தில், ராஜாளி தளத்தில் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. ஹாக்கிம்பேட்டையிலே 2022 ஏப்ரல் 2-ஆம் நாள் ஒரு விழா; பாதுகாப்பு அமைச்சர் கலந்துகொண்டார். என்ன விழா? சேத்தக் ஹெலிகாப்டர் படைக்கு வந்து அறுபது ஆண்டுகள் நிறைந்த வைர விழா! மாணவர்கள் பறக்கப் பழகுகிற எந்திரத்துக்கே வைர விழா எடுத்த அரசு உலகில் வேறு உண்டோ இல்லையோ, நாமறியோம். சேத்தக் நல்ல எந்திரம்; உழைத்த எந்திரம்; அதிலே நமக்குக் கருத்து வேற்றுமை இல்லை. அறுபது வயதானவனுக்கு ஆலையிலே ஓய்வு கொடுக்கிறார்கள். இந்தக் கிழவனுக்கு மாலை போட்டு, மறுநாளும் வேலைக்கு வா என்கிறார்கள். அடுத்து வரவேண்டிய எச்.ஏ.எல். இலகு ஹெலிகாப்டர் 2016 செப்டம்பர் 6-ஆம் நாளே முதன்முதல் பறந்துவிட்டது. துமகூரில் 2023 பிப்ரவரி 6-ஆம் நாள் புதுத் தொழிற்சாலையும் திறந்தாயிற்று. அதற்குப் பிறகும், 2025 ஆகஸ்டில், ராணுவத்துக்கு 120, விமானப்படைக்கு 80 என்று 200 ஹெலிகாப்டர்களுக்கு யார் என்ன தருவீர்கள் என்று பாதுகாப்பு அமைச்சகம் விவரம் கேட்டு அறிவிப்பு விடுகிறது. ஒன்பது ஆண்டுகள் போனபிறகு விசாரிப்பு!

ஆட்சியாளர் சொல்லக்கூடிய மறுமொழியை நாம் அறிவோம். "ராணுவ ரகசியம்" என்பார்கள். எதிரிக்குத் தெரியக்கூடாதது எது? எந்த எல்லையில் எத்தனை ஹெலிகாப்டர் என்பது ரகசியம், ஒப்புக்கொள்கிறோம். ஒரு மாணவன் எவ்வளவு உயரத்தில் விசையைக் குறைத்தான், பயிற்றுநர் எந்த நொடியில் பிடியை வாங்கினார், அந்த எந்திரம் எப்போது பணிமனைக்குப் போய் வந்தது, அந்தப் பயிற்றுநர் அன்றைக்கு எத்தனையாவது மாணவனை ஏற்றிக்கொண்டு பறந்தார் — இதிலே எதிரிக்கு என்ன கிடைக்கப்போகிறது? பிரிட்டிஷ்காரன் தன் படை விமானங்களின் விபத்து விசாரணை அறிக்கைகளை வெளியிடுகிறான். ரகசியமானதை மட்டும் கறுப்பு மையால் அடித்துவிட்டு மற்றதைக் கொடுக்கிறான். அமெரிக்க விமானப்படையும் வெளியிடுகிறது. அவர்கள் கோட்டை எதுவும் இடிந்துபோகவில்லை. நம் நாட்டிலேயே பயணி விமானங்களுக்கு 2012-இல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு ஏற்படுத்தி அறிக்கைகள் வெளியிடுகிறார்கள். காசு கொடுத்துப் பறப்பவனுக்குத் தெரியலாம். நாட்டுக்காகப் பறப்பவனைப் பெற்றவளுக்குத் தெரியக்கூடாதா?

பயிற்சியில் உயிர்ச்சேதத்தைக் குறைக்க வழி இல்லாமலும் இல்லை. பெங்களூரில் எச்.ஏ.எல். நிறுவனம் கனடா நாட்டு நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து நடத்தும் ஹாட்ஸாஃப் என்ற மாதிரிப் பயிற்சிக் கூடம் 2010-இல் தொடங்கப்பட்டது. துருவ் ஹெலிகாப்டரின் அறையை அப்படியே அமைத்திருக்கிறார்கள். தரையிலே உட்கார்ந்துகொண்டு நூறு முறை இஞ்சினை நிறுத்தலாம். நூறு முறை விழலாம். நூற்றோராவது முறை எழுந்து வெளியே வந்து தேநீர் குடிக்கலாம். பயண வேகத்தில் நிறுத்திப் பார்க்கலாம், இருட்டில் நிறுத்திப் பார்க்கலாம், சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திப் பார்க்கலாம். மோஸ்பியில் கற்றுக்கொடுக்கத் தவறியதை அங்கே கற்றுக்கொடுக்கலாம். ஆகாயத்தில் பழகுவது அடியோடு வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். வயிற்றைப் புரட்டுகிற அந்த இறக்கத்தை எந்தக் கூடமும் முழுதும் காட்டிவிடாது. கூடத்திலே பலமுறை செய்து கை பழகியவன்தான் ஆகாயத்திலே அதைச் செய்ய வேண்டும் என்கிறோம். முதல் முறையாக ஆகாயத்திலே செய்யவிடுவது, நீச்சல் தெரியாதவனைக் கிணற்றிலே தள்ளிக் கற்பிக்கிற பழைய காலத்து முரட்டு வைத்தியம்.

செலவாகும் என்பார்கள். ஆகட்டும். வைர விழாவுக்குப் பந்தல் போட்டதும் செலவுதான்.

பயிற்றுநர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. விபத்து நடந்தால் முதல் விரல் அவர்கள் பக்கம் நீளுகிறது. "நாலாவது முறை வேண்டாம், இன்று காற்று சரியில்லை" என்று சொல்லிப் பறப்பை நிறுத்துகிற பயிற்றுநரின் பக்கம் மேலதிகாரி நிற்கிறாரா, "இம்மாதக் கணக்கு நிரம்பவில்லையே" என்று முகம் சுளிக்கிறாரா என்பதை எந்த அறிக்கை கேட்கிறது? எந்திரம் சரியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட மறுக்கிற டெக்னீஷியனுக்கு அடுத்த பதவி உயர்வு கிடைக்கிறதா என்பதை எந்த விசாரணை கேட்கிறது? ஆலையிலே நிறுத்து பொத்தானை அழுத்துகிற உரிமை தொழிலாளிக்கு வேண்டும் என்று சங்கங்கள் போராடுகின்றனவே, அதே உரிமைதான் இது. சீருடை போட்டவனுக்குச் சங்கம் கிடையாது. கொடி பிடித்துக் கேட்க முடியாது. ஆகவே நாம் கேட்கிறோம்.

நாடாளுமன்றத்தில் உள்ள நம் தோழர்கள் அடுத்த கூட்டத்தொடரிலே இதை எழுப்ப வேண்டும். கடந்த பத்தாண்டுகளில் முப்படையிலும் கடலோரக் காவல்படையிலும் பயிற்சிப் பறப்பில் நேர்ந்த ஹெலிகாப்டர் விபத்துகள் எத்தனை? அவற்றிலே அவசரத் தரையிறக்கப் பயிற்சியின்போது நேர்ந்தவை எத்தனை? ஒவ்வொன்றிலும் விசாரணை என்ன பரிந்துரைத்தது, அதில் எத்தனை நிறைவேறின? ஆள் பெயர் வேண்டாம். படை ரகசியம் வேண்டாம். அவற்றை மறைத்துவிட்டே கொடுக்கட்டும். போர்பந்தர் அறிக்கையிலிருந்து தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாக அவற்றை அவையின் மேசைமீது வைக்கட்டும்.